சுவர் நடந்த வாரம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லோருக்கும் அவள் ‘வானொலி’தான். காலையில் வாசலில் கால் வைக்கும்போதே ஒரு சேதியோடுதான் வைப்பாள்.

“வானொலி, இன்னைக்கு என்னடி சேதி?”

“மூணாவது வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கு. நாலும் தையற்காரரோட துணிமூட்டைக்குள்ள! துணியை எடுக்கவும் முடியல, பூனையை விரட்டவும் முடியல. மனுஷன் வாசல்லயே உக்காந்துட்டாரு.”

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் தலைமை ஆசிரியை கூப்பிட்டுவிட்டார். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள்.

“இவ்வளவு பேசுறியே, அதை எழுதேன். வாராவாரம் ஒரு பெரிய தாள் தர்றேன். நம்ம ஊரைப் பத்திக் கொஞ்சம், உங்க வீட்டு நினைவு ஒண்ணு, தெருச் செய்தி நாலு. எழுதி ஒட்டு. எல்லாரும் படிக்கட்டும்.”

“எங்க டீச்சர் ஒட்டுறது?”

“வகுப்புச் சுவர்ல மட்டும் வேண்டாம். இப்பதான் வெள்ளையடிச்சிருக்கு. மைதானத்துச் சுவர்ல ஒட்டிக்கோ.”

வானொலிக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் அந்த மைதானத்துச் சுவர் வெறும் சுவர் இல்லை. அது அவள் அப்பா கட்டிய சுவர்.

அப்பா கொத்தனார். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தச் சுவரை எழுப்பினார். அப்போது வானொலிக்கு நாலு வயது. பூசி முடித்த ஈரச் சிமெண்டில், மூலையில், அப்பா அவள் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். அந்தக் குட்டிக் கை இன்னமும் அங்கேயே இருக்கிறது.

சுவரின் நடுப்பகுதியில் சாய்வாக ஒரு தகரக் கூரை போட்டிருந்தார்கள். மழையானாலும் வெயிலானாலும் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் அதன் கீழே வரிசையாக உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மதியச் சாப்பாடு சாப்பிடும். வானொலியின் தங்கை மிளகும் அந்த வரிசையில்தான். ஆள் குட்டை, காரம் அதிகம். அதனால் மிளகு.

வானொலியின் தாளும் மழையில் நனையாமல் அந்தக் கூரைக்குக் கீழேயே ஒட்டப்பட்டது. அதற்கு ‘எங்கள் தெரு’ என்று பெயர்.

இது ஐந்தாவது வாரம். திங்கட்கிழமை காலை. அம்மா காய்ச்சிக் கொடுத்த மாவுப் பசையை வானொலி சுவரில் விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் தடுக்கியது.

உற்றுப் பார்த்தாள். மேலிருந்து கீழாக, தலைமுடி கிடக்கிற மாதிரி ஒரு கோடு. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

அது விரிசல்.

பயப்படுகிற அளவுக்குப் பெரிய விரிசல் இல்லைதான். ஆனால் அவள் கொத்தனார் மகள். விரிசல்களில் இரண்டு வகை உண்டென்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்கள் வாடகை வீட்டில், வாசல் நிலைக்கு மேலே ஒரு விரிசல் வந்தது. அம்மா அலறிவிட்டாள். அப்பா அலறவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை விரிசலின் குறுக்கே ஒட்டி, அதன் மேல் அன்றைய தேதியை எழுதினார்.

“இது எதுக்குப்பா?”

“சில விரிசல் சும்மா கிடக்கும். சிலது வளரும். கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். காகிதம் கிழியலைன்னா சுவர் தூங்குது. கிழிஞ்சா சுவர் நடக்குது.”

அதன்பிறகு ஒரு மாதம் வானொலி தினமும் கண் விழித்ததும் அந்தக் காகிதத்தைத்தான் பார்த்தாள். அது கிழியவே இல்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த அன்றும் முழுசாகத்தான் இருந்தது.

இப்போதும் அவள் அதைத்தான் செய்தாள். ‘எங்கள் தெரு’வைக் கொஞ்சம் நகர்த்தி, தாளின் நடுப்பகுதி விரிசலின் குறுக்கே வரும்படி ஒட்டினாள். ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டாள்.

‘தூங்கு சுவரே, நல்லா தூங்கு’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

அந்த வாரத்து வீட்டு நினைவுப் பத்தியின் தலைப்பு என்ன தெரியுமா? ‘என் அப்பா கட்டிய சுவர்.’

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. இடைவேளையில் குடை கூட இல்லாமல் ஓடிப்போய்ப் பார்த்தாள். தாள் முழுசாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

புதன்கிழமை தாள் கிழிந்திருந்தது.

மேல் விளிம்பிலிருந்து கீழே, ஒரு விரல் நீளம். பூனைக்குட்டிச் செய்தியை இரண்டாகப் பிளந்துகொண்டு இறங்கியிருந்தது. தலையில் யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தது போல வானொலி நின்றாள்.

காலை வணக்கத்தில் பெரிய டீச்சரின் குரல் உயர்ந்தது. “ஒரு பொண்ணு கஷ்டப்பட்டு எழுதி ஒட்டினா, அதைக் கிழிக்கணுமா? யாரு கிழிச்சது?”

பெரிய டீச்சர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“நேத்து சாயங்காலம் கடைசியா அங்க நின்னது யாரு?”

எல்லாத் தலைகளும் ஒரு பக்கம் திரும்பின. அங்கே நின்றது ‘கண்ணாடி’. வானொலியின் உயிர்த்தோழி. தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாலும், தாளில் மூக்கு முட்டினால்தான் அவளுக்கு எழுத்து தெரியும்.

“நான் படிக்கத்தான் செஞ்சேன் டீச்சர்.”

“மூக்கால படிச்சா தாள் கிழியாம என்ன செய்யும்? முதல் பாடவேளை முடியற வரைக்கும் வெளியில நில்லு.”

வானொலிக்கு உண்மை தெரியும். ‘டீச்சர், கிழிச்சது அவ இல்ல, சுவரு’ என்று சொல்ல வேண்டும். ஐந்தே சொல். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? ‘அந்தச் சுவரைக் கட்டினது யாரு?’

அதற்கும் பதிலை அவளே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாளே!

ஊருக்கெல்லாம் சேதி சொல்கிற வாய் அன்று பூட்டிக்கொண்டது. ஜன்னல் வழியாகக் கண்ணாடியின் முதுகு தெரிந்தது. வானொலி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மதியம் ஒரு காரியம் செய்தாள். பழைய நாள்காட்டியின் கெட்டி அட்டையிலிருந்து ஒரு பட்டை கிழித்து, கிழிசல் தெரியாதபடி மேலே ஒட்டினாள். பார்த்தால் ஏதோ அலங்காரம் மாதிரி இருந்தது. அதிலும் சின்னதாகத் தேதி போட்டாள்.

அன்று மாலை அப்பா கொல்லையில் காலில் இருந்த சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வானொலி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“அப்பா, நீங்க கட்டினது எதுனா எப்பவாச்சும் விழுந்திருக்கா?”

“என்ன கேள்விடா இது, வேலை முடிச்சு வந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா?” அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. “எனக்கு விழுந்ததில்ல. என்கூட வேலை பாத்த ஒருத்தருக்கு விழுந்துச்சு. அவரு வச்ச படிக்கட்டு சரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவரை யாரும் கூப்பிடல. பூசுற கரண்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு இப்ப சந்தையில மூட்டை தூக்குறாரு.”

“அவரு மேலயா தப்பு?”

“அதை யாரு கேட்டா? விழுந்துச்சா, விழுந்துச்சு. அவ்வளவுதான்.” அப்பா குவளையைக் கவிழ்த்து வைத்தார். “ஏன் கேக்குற?”

“சும்மாதான்.”

தொண்டை வரை வந்த சேதியை வானொலி எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். அன்று அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. பதினொரு மணிக்குக் கொஞ்சம் விட்டது. இடைவேளை மணி அடித்ததும் அவள் சுவருக்கு ஓடினாள்.

நாள்காட்டி அட்டை நடுவில் பிளந்து கிடந்தது. இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தள்ளி நின்றன. நடுவில் தெரிந்த இடைவெளியில் சுண்டுவிரலை வைத்தாள். விரல் உள்ளே போனது. உள்ளே ஐஸ் மாதிரி ஈரம்.

காதைச் சுவரில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, எங்கோ உள்ளே, பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம்.

கர்ர்க்.

கொஞ்சம் மணல் அவள் தோளில் உதிர்ந்தது.

வானொலி ஓடினாள். வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கணக்குப் பாடம். கரும்பலகையில் இருந்த ஓர் எண்ணும் மண்டையில் ஏறவில்லை. கண்ணாடி பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாள்.

“ஏன்டி ரெண்டு நாளா ஊமையாயிட்டே? நான் உன் தாளைக் கிழிக்கலடி. சத்தியமா.”

“எனக்குத் தெரியும்.”

“தெரியுமா? தெரிஞ்சுமா சும்மா இருந்தே?”

வானொலி பெஞ்சுக்குக் கீழே குனிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கண்ணாடி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

“அங்கதானே ஒண்ணாம் வகுப்பு சாப்பிடும்?”

“ம்.”

“மணி அடிக்க எவ்வளவு நேரம் இருக்கு?”

அப்போதே மணி அடித்துவிட்டது.

ஒன்றாம் வகுப்பு, நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டது போல வெளியே உருண்டு வந்தது. எல்லோர் கையிலும் சாப்பாட்டு டப்பா. முதல் ஆளாக மிளகு. தகரக் கூரைக்குக் கீழே போய், தன் வழக்கமான இடத்தில், விரிசலுக்கு நேர் கீழே உட்கார்ந்து, டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

வானொலி அவள் எதிரே போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

“மிளகு, எழுந்திரு. வேற இடத்துக்குப் போங்க எல்லாரும்.”

“ஏன்?”

சுவர் விழப்போகிறது என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள். “இங்க கம்பளிப்பூச்சி இருக்கு! பெருசு! உடம்பெல்லாம் முடி! மேல பட்டா அரிச்சுக் கொட்டிரும்!”

மிளகின் கண்கள் விரிந்தன. வானொலிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் மிளகு எழுந்து ஓடவில்லை. மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“டேய்ய்ய்! எல்லாரும் வாங்க! கம்பளிப்பூச்சி!”

அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பு மட்டுமா, இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து ஓடி வந்தது. “எங்கடா? எங்கடா?” “தள்ளு, நான் பாக்கணும்!” ஒருவன் சுவரைக் காலால் உதைத்து, “வெளிய வா!” என்றான். நாற்பது ஐம்பது பிள்ளைகள் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே முட்டி மோதிக்கொண்டு நின்றன. எல்லாக் கைகளும் சுவர் மேல்!

வானொலி ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்தாள். ‘போங்க, போங்க’ என்று அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ‘சுவர் விழுது’ என்று கத்தலாம். கத்தினால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். சிறுசுகள் காலடியில் மாட்டிக்கொள்ளும்.

எதைக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் ஒன்றும் யோசிக்காமல் வகுப்புக்குப் போகும்?

அவள் திரும்பி, வராந்தாவை நோக்கி ஓடினாள். அங்கே ஓர் இரும்புத் துண்டு கயிற்றில் தொங்கியது. அதன் கீழே மணியடிக்கும் அண்ணன் அப்போதுதான் தன் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் மணியண்ணன் என்பார்கள்.

“அண்ணே, மணி அடிங்கண்ணே!”

“இப்பதானே அடிச்சேன்? உனக்குப் பசியே எடுக்காதா?”

“அண்ணே, சீக்கிரம்!”

“மணி பாத்து மணி அடிச்சே பதினஞ்சு வருஷம் ஓட்டிட்டேன் பாப்பா. நீ சொன்னா அடிக்க நான் என்ன…”

அவர் முடிக்கவில்லை. வானொலி பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கி அடித்தாள்.

டங்! டங்! டங்! டங்!

மைதானம் ஒரு நொடி அப்படியே நின்றது. “ஐயோ, மணி அடிச்சிருச்சு! நான் இன்னும் சாப்பிடவே இல்லையே!” என்று ஒரு குரல். பிறகு பழக்கப்பட்ட கால்கள் தாமாகவே திரும்பின. வரிசை கட்டி, முணுமுணுத்துக்கொண்டு, பிள்ளைகள் வகுப்புகளுக்குள் போனார்கள். தகரக் கூரைக்குக் கீழே யாருமில்லை.

“யாரு மணி அடிச்சது?” பெரிய டீச்சர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“சத்தியமா நான் இல்லீங்க டீச்சர்” என்றார் மணியண்ணன், கையில் சோற்றோடு.

“நான்தான் டீச்சர்.” வானொலி கம்பியைக் கீழே வைத்தாள். “சுவரு நடக்குது டீச்சர். தாளைக் கண்ணாடி கிழிக்கல. சுவருதான் கிழிச்சது. நேத்தே எனக்குத் தெரியும். மேல அட்டை ஒட்டி மறைச்சுட்டேன். அது… அது எங்கப்பா கட்டின சுவரு.”

கடைசிச் சொல் வெளியே வந்ததும் அழுகையும் வந்துவிட்டது.

பெரிய டீச்சர் மைதானத்தில் இறங்கி, தள்ளி நின்றே அந்தத் தாளைப் பார்த்தார். பிளந்த தாள், பிளந்த அட்டை, இரண்டின் மேலும் பென்சில் தேதி. மணியண்ணன் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, சைக்கிளை எடுங்க. கொத்தனாரு எங்க வேலை செய்யறாரோ அங்க போய் உடனே கூட்டிட்டு வாங்க. யாரும் மைதானத்துல இறங்கக் கூடாதுன்னு எல்லா வகுப்புலயும் சொல்லிட்டுப் போங்க.”

மழை மறுபடி தூறத் தொடங்கியது. பெரிய டீச்சரும் வானொலியும் வராந்தா ஓரத்தில் நின்றார்கள். தகரத்தில் விழும் ஒவ்வொரு சொட்டும் வானொலிக்கு அந்தக் ‘கர்ர்க்’ போலவே கேட்டது.

அப்போதுதான் அவள் பார்த்தாள். தகரக் கூரைக்குக் கீழே ஒரு சிவப்பு ரிப்பன்.

மிளகு! சுவரோரம் விட்டுவந்த டப்பாவை எடுக்க, வகுப்பின் பின்வாசல் வழியாக நழுவி வந்திருக்கிறாள். டப்பாவின் மூடி எங்கோ உருண்டுவிட்டது போல. சுவரின் அடியில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

பெரிய டீச்சர் வாயைத் திறந்தார். வானொலி சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். “அதட்டாதீங்க டீச்சர். அவளை அதட்டினா அங்கேயே நின்னு அடம் பிடிப்பா.”

தன் இரண்டு கைகளையும் பொத்தி, முன்னால் நீட்டினாள். குரலில் நடுக்கம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

“மிளகு! கம்பளிப்பூச்சி என் கையில மாட்டிக்கிச்சு! சீக்கிரம் வா, பறந்துரப் போகுது!”

“கம்பளிப்பூச்சி பறக்காது” என்றாள் மிளகு, தலையைத் தூக்காமல்.

“இது பறக்கும்போல இருக்குடி! றெக்கை முளைக்குது!”

மிளகு நிமிர்ந்தாள். டப்பாவைப் பார்த்தாள். அக்காவின் கையைப் பார்த்தாள். டப்பாவா, றெக்கையா? டப்பாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவளை வானொலி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தங்கையின் நெஞ்சு டக் டக்கென்று அடித்தது. அல்லது அது அவளுடைய நெஞ்சாகவும் இருக்கலாம்.

“கையைத் திற. காட்டு.”

வானொலி கையைத் திறந்தாள். வெறுங்கை.

“ஏமாத்திட்டே! அக்கா, நீ பொய்க்காரி!”

அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். மணியண்ணன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, காலெல்லாம் சிமெண்டோடு, கையில் நூலில் கட்டிய தூக்குக்குண்டோடு.

அப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கூரை முடிகிற இடத்துக்கு அப்பால், சுவரின் கடைக்கோடியில் நின்று, கையை மட்டும் நீட்டி நூலை உச்சியில் பிடித்தார். குண்டு நேராகத் தொங்கியது. நேரான சுவராக இருந்தால் நூல் சுவரை ஒட்டிக்கொண்டே இறங்கும். இங்கே கீழே வர வர நூலுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி. கடைக்கோடியிலேயே நாலு விரல்.

“உள்பக்கமா சாஞ்சிருக்கு” என்றார். அப்படியே பின்னால் நடந்து வந்து, வெளிவாசல் வழியாகப் போய், சுவருக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் எட்டிப் பார்த்தார். ஓட்டமாகத் திரும்பி வந்தார்.

“வெளியில சாக்கடை தோண்டின மண்ணை எல்லாம் சுவரு மேலயே கொட்டி வச்சிருக்காங்க. நெஞ்சு உயரத்துக்கு. மூணு நாள் மழைத் தண்ணியைக் குடிச்சு அது மொத்தமும் சுவரைத் தள்ளிக்கிட்டு நிக்குது.”

“அடுத்த வாரம் அள்ளிருவோம்னு சொன்னாங்களே” என்றார் பெரிய டீச்சர்.

“மண்ணு அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காது டீச்சர். எல்லாரும் இன்னும் தள்ளிப் போங்க. இன்னும். வராந்தாவுக்கு மேல ஏறுங்க.”

அவர்கள் ஏறினார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். பத்து நிமிடம்கூட இருக்கும்.

முதலில் தகரம் முனகியது. பிறகு ‘எங்கள் தெரு’ மேலிருந்து கீழ்வரை ஒரே கிழியாகக் கிழிந்தது. சுவர் மெதுவாக, வயதான ஆள் உட்காருவது போல, முழங்காலை மடித்தது. அடுத்த நொடி தரை அதிர்ந்தது. வகுப்பறைகளிலிருந்து பிள்ளைகள் வீரிட்டார்கள். சேறும் செங்கல்லும் தகரமும் ஒரு குவியலாகக் கிடந்தன.

சத்தம் அடங்கியதும் ஆசிரியைகள் வகுப்பு வாசல்களுக்கு ஓடி வந்தார்கள்.

“எண்ணுங்க” என்றார் பெரிய டீச்சர். ஒவ்வொரு வகுப்பாக எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை.

குவியலின் ஓரத்தில் மணியண்ணன் ஒரு பொருளைக் கண்டெடுத்தார். மிளகின் சாப்பாட்டு டப்பா. தட்டு மாதிரி தட்டையாகியிருந்தது. மிளகு ஓவென்று அழுதாள், டப்பாவுக்காக. அப்பா அந்தத் தட்டையான டப்பாவைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

வானொலி பக்கத்தில் போனாள். “அப்பா, நேத்தே எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன். உங்களுக்கு வேலை போயிருமேன்னு…”

அப்பா டப்பாவின் நசுங்கிய விளிம்பை விரலால் தடவினார்.

“அந்தச் சந்து வழியாத்தான் நான் தினமும் வேலைக்குப் போறேன்” என்றார். “அந்த மண்ணைத் தாண்டித்தான் போறேன். செருப்புல சேறு ஒட்டுதேன்னு திட்டிக்கிட்டே போனேன். அந்தப் பக்கம் என் சுவரு நிக்குதேன்னு எனக்குத் தோணல பாரு.” அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். “வேலை போனா நான் மூட்டை தூக்கிட்டுப் போறேன்மா. எனக்குத் தோள் இருக்கு. இனிமே இப்படி ஒரு சேதி இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லு. ராத்திரியோ பகலோ, எழுப்பிச் சொல்லு.”

“சரிப்பா.”

“காகிதம் ஒட்டினியே, குறுக்கேதானே ஒட்டினே?”

“ஆமாப்பா. தேதியும் போட்டேன்.”

“ம்” என்றார் அப்பா. அவள் தலையில் கையை வைத்தார். கையில் இருந்த சிமெண்டு முடியில் ஒட்டியது. அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவருக்கு வேலை போகவில்லை. மறுநாளே பெரிய டீச்சர் ஆள் அனுப்பினார். புதுச் சுவரையும் அவரே கட்ட வேண்டும், ஆனால் மண்ணை முழுக்க அள்ளின பிறகுதான் முதல் கல் வைக்க வேண்டும் என்று. “அதை நான் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார் அப்பா.

திங்கட்கிழமை ‘எங்கள் தெரு’ ஒட்டச் சுவர் இல்லை. பெரிய டீச்சர் தலையைச் சொறிந்துவிட்டு, “சரி, வெள்ளையடிச்ச சுவர்லயே ஒட்டு, போ” என்றார்.

அப்பா வேலைக்கு நடுவில் வந்து நின்று படித்தார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக. ‘மைதானத்துச் சுவர் விழுந்தது. கீழே யாரும் இல்லை.’ அதை இரண்டு தரம் படித்தார். பூனைக்குட்டிகளுக்குக் கண் திறந்த செய்தியைப் படித்தார். தாளின் அடியில், கட்டம் கட்டி, இப்படி இருந்தது:

‘திருத்தம். போன வாரம் தாளைக் கிழித்தவர் கண்ணாடி அல்ல. சுவர். கண்ணாடி என்னை மன்னித்துவிட்டாள். மேலும், சுவரில் கம்பளிப்பூச்சி இருந்ததாக நான் சொன்னது தவறு. அங்கே கம்பளிப்பூச்சி எதுவும் இல்லை.’

சுவர் விழுந்தபிறகு முதல் தடவையாக அப்பா சிரித்தார்.

மிளகுக்கு மட்டும் அந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. “கம்பளிப்பூச்சியும் இல்லை, டப்பாவும் இல்லை” என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புது டப்பா வந்தபோதும் முகம் இறங்கவில்லை.

புதுச் சுவர் எழும்பியது. கடைசிப் பூச்சு முடிந்த மாலை, பழைய கையச்சு இருந்த அதே மூலைக்கு அப்பா மிளகைத் தூக்கிக்கொண்டு போனார். “கையை வை” என்றார்.

மிளகு கையை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். ஆள்காட்டி விரலை நீட்டி, ஈரச் சிமெண்டில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். மேலே கீழே முடி முடியாக வைத்தாள். கண் இரண்டு, கால் பதினாறு. முதுகில் மறக்காமல் றெக்கை.

அடுத்த திங்கட்கிழமை வானொலி திருத்தத்துக்கே ஒரு திருத்தம் எழுத வேண்டியதாகிவிட்டது.